ஒருநாள் அவிழ்ப்பு

எல்லைக்காட்டு ஆத்தா கோயிலில் குடியை நிறுத்தக் கயிறு கட்ட வருகிறவர்களுக்கு, வரிசையில் நிற்கும்போதே ஒலிபெருக்கியில் ஒரு கதை சொல்லப்படும். சின்னண்ணன் என்று ஒரு வெல்டர். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை. பெருங்குடிகாரன். ஊரார் வற்புறுத்தி ஆத்தா முன்னால் கயிறு கட்டிவிட்டார்கள். கட்டிய வாரமே ஆசை மீறிப்போய்ப் புளியமரத்தடியில் உட்கார்ந்து ஒரு குவார்ட்டரைத் திறந்தான். இரண்டு மடக்கு உள்ளே போனதும் முகம் குங்குமம் பூசினாற்போலச் சிவந்தது. நெஞ்சு உலக்கை போட்டு இடித்தது. குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி. மூச்சுக்குத் தவித்து, "ஆத்தா, உட்டுரு" என்று அலறினான். ஆத்தா விட்டாள். அன்றோடு அவன் குடியை விட்டான்.

கதை முடிந்ததும் உடுக்கைச் சத்தம் போடுவார்கள்.

கதையில் ஒரு சொல்லும் பொய் இல்லை என்பது சின்னண்ணனின் மனைவி பாவாயிக்குத் தெரியும். அன்று காலை அவன் குடித்த கம்மங்கூழில் அவள் ஒரு மாத்திரையைப் பொடித்துக் கலந்திருந்தாள் என்பது மட்டும் கதையில் இல்லை.

கலந்தபோது அவளுக்கு அது தப்பாகத் தோன்றவில்லை. அவள் குமாரசாமியின் முட்டைக்கோழிப் பண்ணையில் வேலை செய்கிறவள். கோழிகளுக்குச் சளி பிடித்தாலும், கழிச்சல் கண்டாலும், வெயில் ஏறினாலும் மருந்தைத் தண்ணீர்த் தொட்டியில் கலக்கிவிட வேண்டியது அவள் பொறுப்பு. குழாய் வழியாகப் போகும். கோழி குடிக்கும். தெளியும். எந்தக் கோழியிடமும் யாரும் சம்மதம் கேட்டதில்லை. மருந்துக்கடைக்காரர் ஓர் அட்டை மாத்திரையை நீட்டி, "மணம் இருக்காதுங்கக்கா, ருசி இருக்காது. கூழுல கலந்துருங்க. அண்ணனுக்குத் தெரியவே தெரியாது" என்றபோது அவள் கேட்ட ஒரே கேள்வி, காலையிலா சாயங்காலமா என்பதுதான்.

புளியமரத்தடிக்கு முதலில் ஓடியவளும் அவள்தான். அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவன் நெஞ்சு துடிப்பது அவள் தொடையில் தெரிந்தது. 'நாந்தாங்க' என்ற சொல் தொண்டைவரைக்கும் வந்தது. அதற்குள் யாரோ தீர்த்தம் கொண்டுவந்து தெளித்துவிட்டார்கள். யாரோ கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்கள். கும்பிடுகிற கூட்டத்தின் நடுவே அந்தச் சொல்லை வெளியே விட அவளுக்குத் தைரியம் வரவில்லை. விழுங்கிக்கொண்டாள். பொழுது சாய்வதற்குள் சின்னண்ணன் எழுந்து உட்கார்ந்தான். மறுவாரம் குழு உருவாயிற்று.

எல்லைக்காட்டு ஆத்தா குடிநிறுத்தக் கயிறு கட்டும் நற்பணிக் குழுவுக்குக் குமாரசாமிதான் தலைவர். தொடக்க விழாவில் அவர் பேசியதை ஊரே வெகுநாள் பாராட்டிக்கொண்டிருந்தது.

"குடி குடும்பத்தக் கெடுக்கும். உனக்கெப்பிடித் தெரியும்னு கேப்பீங்க. நானும் குடிக்கறவந்தானுங்க. ஆனா நான் அளவாக் குடிக்கறேன். அளவு தெரியாதவனுக்குத்தான் இந்தக் கயிறு. எம் பண்ணையையே எடுத்துக்குங்க. திங்கக்கெழமையானா பாதி ஆளு வாரதில்ல. கோழிக்கு ஞாயித்துக்கெழமை ஏதுங்க? அதுபாட்டுக்கு முட்டை போடுது. கோழிக்கு இருக்கற பொறுப்பு மனுசனுக்கு வேண்டாமா?"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. குழு உறுப்பினர்கள் கயிறு கட்டிக்கொள்ளக் கூடாது என்பது முதல் விதியாக நிறைவேறியது. கயிறு கட்டிவிடுகிறவர்களே கட்டிக்கொண்டால் வருகிறவர்களுக்கு வீண் சந்தேகம் வரும் என்று காரணம் சொல்லப்பட்டது.

கூட்டம் வந்தது. ராசிபுரத்திலிருந்தும் ஆட்டையாம்பட்டியிலிருந்தும் மேட்டூரிலிருந்தும் வேன் பிடித்து வந்தார்கள். பெண்கள்தான் அழைத்துவந்தார்கள். வருகிற ஆண்கள் முகத்தில் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துவரப்பட்ட களை இருக்கும். பாவாயிக்குப் பண்ணை வேலையிலிருந்து விலக்குக் கொடுத்து, வருகிறவர்களுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையைக் குமாரசாமி ஒதுக்கினார். சின்னண்ணன் சம்சாரம் கையால் தண்ணீர் குடித்தால் நல்லது என்று அதற்குள் ஒரு பேச்சு வந்துவிட்டிருந்தது. அவள் நாளெல்லாம் சொம்போடு நின்றாள். ஒலிபெருக்கி நாளெல்லாம் அந்தக் கதையைச் சொன்னது.

கொஞ்சநாளில் ஒரு சிக்கல் வந்தது. கயிறு கட்டியிருந்த ஒருவனுக்கு மச்சான் கல்யாணம். அன்றைக்கு மட்டும் கயிற்றை அவிழ்த்துக்கொள்ளலாமா என்று கேட்டு வந்தான். குழு ஆத்தாவிடம் பூப்போட்டுக் கேட்டது. சிவப்புப் பூ வந்தது, ஆகாது என்று அர்த்தம். கேள்வி தெளிவாக இல்லை என்று மறுபடி கேட்டார்கள். வெள்ளைப் பூ வருகிறவரைக்கும் தெளிவாகக் கேட்டார்கள். அதிலிருந்து அவிழ்ப்புப் பிரிவு என்று தனியாக ஒரு மேசை போடப்பட்டது. கல்யாணம், காதுகுத்து, கெடாவெட்டு ஆகியவற்றுக்கு ஒருநாள் அவிழ்ப்பு. துக்கத்துக்கும் உண்டு. "சாவு ஊட்டுல குடிக்காம நின்னா செத்தவருக்கு மரியாதையா இருக்குமா?" என்று ஓர் உறுப்பினர் கேட்டதும் அதையும் பட்டியலில் எழுதிக்கொண்டார்கள். அவிழ்ப்பு நாட்களை முன்கூட்டித் தெரிவித்தால் சரக்கு இறக்கிவைக்கத் தோதாக இருக்கும் என்று சாராயக்கடை மேற்பார்வையாளர் பணிவோடு கேட்டுக்கொண்டார். குழு ஒத்துழைத்தது.

கட்டும் மேசைக்குப் பக்கத்தில் ஒரு நீல டிரம் இருந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை ஏதாவது வைத்திருந்தால் அதில் போட்டுவிட்டுத்தான் கயிறு கட்டிக்கொள்ள வேண்டும். "ஒரு காலு இதுல, ஒரு காலு அதுலன்னு இருந்தா ஆத்தாளுக்கு மனசு விட்டுப்போயிருமுங்க" என்று மேசைக்காரர் விளக்குவார். டிரம் நிரம்ப நிரம்ப அதைத் தூக்கிப்போய்க் குப்பைக்குழியில் கொட்டினார்கள். பாவாயி அந்த டிரம்மின் பக்கம் பார்க்கமாட்டாள்.

ஆட்டையாம்பட்டியிலிருந்து சரவணக்குமார் என்ற தறிக்காரரை அவர் மனைவி ஷாலினி அழைத்துவந்தாள். அவர் சட்டைப்பையிலிருந்த மாத்திரைகளும் டிரம்முக்குள் போயின. கயிறு கட்டியவர்கள் தங்குவதற்கென்று போட்டிருந்த கொட்டகையில் அவரைப் படுக்கவைத்தார்கள். மறுநாள் அவர் கை நடுங்கியது. அதற்கு மறுநாள் உடம்பே நடுங்கியது. சுவரில் எறும்பு ஏறுகிறது, துடையுங்கள் என்று வெறும் சுவரைக் காட்டினார். தொண்டர்களுக்கு மெய் சிலிர்த்தது. "அருளு எறங்குது" என்று மைக்கைக் கொண்டுவந்து அவர் வாய்க்கு நேரே பிடித்தார்கள். ஆத்தா என்ன சொல்கிறாள் என்று ஊரே காத்திருந்தது. சரவணக்குமார் கண் மேலே செருகி, பல் கிட்டி, மைக்கோடு சேர்ந்து கீழே விழுந்து வெட்டி வெட்டி இழுத்தார்.

"கற்பூரத்தக் காட்டுங்கப்பா!" என்றது ஒரு குரல்.

"அடப் பாவிங்களா, ஆட்டோவக் கூப்புடுங்க!" என்று ஷாலினி கத்தினாள்.

பாவாயி சொம்பைப் போட்டுவிட்டு ஓடினாள். இருவருமாகத் தூக்கி ஆட்டோவில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். குடிநோய்ப் பிரிவு, எக்ஸ்ரே அறைக்கும் உடைந்த கட்டில்கள் அடுக்கியிருந்த அறைக்கும் நடுவில் ஓர் அறை. அறிவுச்செல்வி என்ற மருத்துவர் ஊசி போட்டு, இழுப்பு நின்ற பிறகுதான் பேசினார்.

"பல வருசமாக் குடிச்சுப் பழகின உடம்பும்மா. திடீர்னு நிறுத்தினா நரம்பு தாங்காது. நடுக்கம் வரும், வலிப்பு வரும், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஆளே போயிடலாம். அதுக்குத்தான் மாத்திரை குடுத்துக் கொஞ்சம் கொஞ்சமா இறக்கறோம். அதை எங்க போட்டீங்க?"

"டிரம்முலங்க" என்றாள் ஷாலினி.

மருத்துவர் புதிதாக ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். ஷாலினி கட்டிலருகே போனதும் பாவாயி மெல்ல அவர் பக்கத்தில் வந்தாள்.

"ஏனுங்க டாக்டரம்மா, எங்க பக்கத்து ஊட்டுல ஒருத்தி, அவ ஊட்டுக்காரருக்குச் சொல்லாம ஒரு மாத்திரைய... குடிச்சா வாந்தி வருமே, அதைக் கலந்து குடுக்கறாளுங்க."

"சொல்லாமலா?" மருத்துவர் நிமிர்ந்தார். "அது உள்ள இருக்கறப்ப குடிச்சா ரத்த அழுத்தம் விழுந்து இதயமே நின்னுபோகலாம். ஈரலும் கெட்டிருந்தா இன்னும் மோசம். இன்னைக்கு நிறுத்தினாலும் ரெண்டு வாரம் உடம்புல இருக்கும். அந்த மாத்திரை தப்பில்ல. நானே குடுக்கறதுண்டு. ஆனா குடிக்கறவருக்குத் தெரிஞ்சு, அவரே சரின்னு சொல்லி, ஈரலையும் இதயத்தையும் சோதிச்சுட்டு. அவர்கிட்ட உக்காந்து பேசவும் வேணும். ஏன் குடிக்கறார்னு யாராவது கேட்டிருக்கீங்களா?"

யாரும் கேட்டதில்லை. பாவாயி இல்லை என்று தலையாட்டினாள்.

"பக்கத்து வீட்டுக்காரம்மாவை அவரைக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க" என்றார் மருத்துவர். அவள் முகத்தை அவர் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்ததுபோல் இருந்தது.

ஊருக்குத் திரும்பும்போது பாவாயி பஸ்ஸின் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வந்தாள். இன்றைக்கே சொல்லிவிட வேண்டும். வீட்டுக்குள் நுழைந்தால், மகள் தமிழினிக்குச் சின்னண்ணன் முக்கோணம் வரைந்து காட்டிக்கொண்டிருந்தான். இரும்பு வெட்டுகிறவன் அல்லவா, கோடு நேராக வந்தது. "அப்பா போடற கோணம் எங்க சாரு போடறதவிடச் சரியா இருக்குதும்மா" என்றாள் மகள். அவன் சிரித்தான். கன்னத்தில் சதை போட்டிருந்தது. அந்த வீட்டில் அப்படி ஒரு சாயங்காலத்தை அவள் பார்த்ததில்லை. சொன்னால் நாளைக்கே அவன் கடைக்குப் போய்விடுவான் என்று நினைத்தாள். சொல்லவில்லை.

நிறுத்திவிட வேண்டும் என்று ஒவ்வொரு காலையும் நினைத்தாள். ஒவ்வொரு காலையும் கலந்தாள். கலக்கும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தாள். கை மட்டும் தன்போக்கில் அந்த வேலையைச் செய்து முடித்தது.

ஊர்த் திருவிழாவான ஆத்தா நோம்பி வந்தது. கெடாவெட்டு, பந்தல், நாற்காலி எல்லாம் குழுவின் ஏற்பாடு. சின்னண்ணனை மேடையில் உட்காரவைத்து மாலை போட்டார்கள். சரவணக்குமாரைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்ட அவர், பாதியில் போனவர்கள் கணக்கில் சேர்க்கப்பட்டிருந்தார். குமாரசாமி மைக்கைப் பிடித்தார்.

"நம்ம சின்னண்ணன் இத்தன நாளும் ஒரு சொட்டுத் தொடல. அவனுக்கு என்ன மரியாத பண்றதுன்னு குழு ராப்பகலா யோசிச்சுது. பொன்னாடை எல்லாருக்கும் போடறதுதான். அதனால ஆத்தாகிட்டப் பூப்போட்டுக் கேட்டோம். வெள்ளப் பூ வந்துருச்சு. இன்னிக்கு ஒருநாள் சின்னண்ணனுக்குச் சிறப்பு அவிழ்ப்பு! என் கையாலயே அவுத்து, என் கையாலயே ஊத்தறேன். குடிய நிறுத்துனவனுக்கு இதவிடப் பெரிய மரியாத வேற என்னங்க இருக்குது?"

பந்தல் அதிர்ந்தது. சின்னண்ணன் முகத்தில் முதலில் பயம் தெரிந்தது. பிறகு அவன் உதட்டை நாக்கால் தடவிக்கொண்டான். ஆத்தாவே சொல்லிவிட்டாளே என்று அவன் நினைப்பது பாவாயிக்குப் பந்தலின் கடைசியிலிருந்தே தெரிந்தது.

காலையில் கூழைச் சட்டி காலியாகக் குடித்துவிட்டுத்தான் அவன் வந்திருந்தான்.

பந்தி முடிந்து அவிழ்ப்பு என்று சொன்னார்கள். மேடைக்குப் பின்னால் குழு உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பாவாயி ஓடினாள். கையில் டம்ளரோடு குமாரசாமி அளவாகக் குடித்துக்கொண்டிருந்தார்.

"மொதலாளிங்க, அவருக்கு அவுக்காதீங்க."

"ஏம் புள்ள? ஒருநாளுதான. நாளைக்கு நானே கட்டிவுட்டர்றேன்."

"குடிச்சாருன்னா செத்துப்போயிருவாருங்க."

"ஆத்தா உத்தரவு குடுத்துட்டா. இனி எதுக்குத் தடுக்கப்போறா?"

"அன்னிக்குத் தடுத்தது ஆத்தா இல்லீங்க. நாந்தாங்க."

சொல்லிவிட்டாள். மாத்திரை, கூழ், மருத்துவர் சொன்னது எல்லாவற்றையும் சொன்னாள். அடிப்பார் என்று எதிர்பார்த்தாள். ஊரை ஏமாற்றினாயே என்று காறித் துப்புவார் என்று எதிர்பார்த்தாள். அப்படி ஏதாவது செய்தால் கொஞ்சம் பாரம் இறங்கும் என்றுகூட இருந்தது. குமாரசாமி டம்ளரைக் கீழே வைத்தார்.

"தண்ணியில கரையுமா?" என்று கேட்டார்.

அவளுக்குப் புரியவில்லை.

"மாத்திரை, மாத்திரை. தொட்டியில கலக்குனா அடியில தங்கிருமா, நல்லாக் கரையுமா? தீர்த்தத்துக்குன்னு ஒரு தொட்டி வெச்சு, ஆளு எடைக்குத் தக்கனப் போட்டுட்டா கயிறுக்கு வாரவன் பூராப் பேரும் நிப்பானே. நம்ம கோழிக்குப் பண்றதுதான?"

உறுப்பினர்கள் நாற்காலிகளை நெருக்கிப் போட்டுக்கொண்டார்கள். குழு அவ்வளவு சுறுசுறுப்பாகப் பேசிப் பாவாயி பார்த்ததில்லை.

"அப்ப அவுப்புக்கு வாரவனுக்கு?"

"அவுப்புக்குத் தனித்தொட்டி போட்டுரலாம்."

"ரெண்டையும் மாத்திக் குடிச்சுட்டான்னா?"

"பெயிண்டுல எழுதிப்போடுங்க. செவப்புத் தொட்டி, பச்சத் தொட்டி."

"ஏனுங்க, தீர்த்தம் நாமளும் குடிக்கறமே?"

இந்தக் கேள்விக்குத்தான் குழு முதன்முறையாகக் கலங்கியது. மனிதர்களுக்கு ஆபத்து உண்டு என்பது அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது. உறுப்பினர்கள் தீர்த்தம் குடிக்கக் கூடாது என்று ஒரு விதி உடனே நிறைவேறியது.

"மொதலாளிங்க, அவரு?" என்றாள் பாவாயி.

"மைக்குல சொல்லியாச்சேம்மா. இனி எப்பிடி மாத்தறது? அவனுக்குக் கம்மியா ஊத்தலாம். ஒரு மூடி."

"ஒரு மூடியும் ஆகாதுங்க!"

"முக்கா மூடி" என்றார் குமாரசாமி. இதற்கு மேல் இறங்க முடியாது என்பது அவர் முகத்தில் இருந்தது. எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மேடைக்குப் போனார்.

பாவாயி மேடையைச் சுற்றி ஓடி முன்பக்கப் படியில் ஏறியபோது கயிறு அவிழ்ந்துவிட்டிருந்தது. சின்னண்ணன் கையில் பேப்பர் கப். கூட்டம் விசில் அடித்தது. அவன் கப்பை வாய்க்குக் கொண்டுபோனான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். கொஞ்சம் மாலையில் சிந்தியது.

"குடிக்காதீங்க. கூழுல மாத்திரை கலந்திருக்கறேன்."

மைக் அவர்களுக்கு நடுவில் இருந்தது. அவள் இரண்டாவது வாக்கியம் தொடங்குமுன் ஒலிபெருக்கிக்காரர் குமாரசாமியின் கண்ணைப் பார்த்துவிட்டு உடுக்கைச் சத்தத்தைப் போட்டுவிட்டார். மீதியைச் சின்னண்ணன் மட்டும்தான் கேட்டான். பந்தலில் இருந்தவர்களுக்கு, ஒரு பெண் புருசன் கையைப் பிடித்துக்கொண்டு உதடு அசைத்து அழுவது தெரிந்தது. சில பெண்கள் கும்பிட்டார்கள்.

"எப்ப இருந்து?" என்றான் அவன்.

"மொத நாள்ல இருந்துங்க மாமா."

"புளியமரத்தடியில?"

"ஆமாங்க."

அவன் கப்பை மேடை விளிம்பில் பார்த்து வைத்தான். மாலையைக் கழற்றினான்.

"செத்தேன்னு நெனச்சனே பாவாயி. உன் மடியிலதான தலைய வெச்சுக் கெடந்தேன். நீ என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருந்த."

படியிறங்கிப் போய்விட்டான். ஒலிபெருக்கி உடுக்கையை நிறுத்தியதும் குமாரசாமி தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆத்தா இன்று சம்சாரத்தின் ரூபத்தில் வந்து தடுத்துவிட்டாள் என்று அறிவித்தார். அடுத்த வாரத்திலிருந்து கதையின் முடிவை அப்படி மாற்றிக்கொண்டார்கள். பாவாயியின் படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கட்டும் மேசைக்கு மேலே வைத்தார்கள். அவள் சொம்பை எடுக்க மறுபடி போகவில்லை. தொட்டி விஷயத்தை மருத்துவர் அறிவுச்செல்வியிடம் போய்ச் சொன்னாள். இந்த முறை பக்கத்து வீட்டுக்காரியின் கதையாகச் சொல்லவில்லை. விசாரிக்க வந்த அதிகாரிகளுக்குக் குழு பொன்னாடை போர்த்தியது. தொட்டி இரண்டும் காலியாக இருப்பதாகவும், வண்ணம் நேர்த்தியாக அடிக்கப்பட்டிருப்பதாகவும் அவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். கலப்பதற்கு ஆள் கிடைக்காததால் தொட்டி காலியாகவே இருந்தது. பண்ணையில் பாவாயிக்கு வேலை போயிற்று.

சின்னண்ணன் குடிக்கவில்லை. அவள் கையால் சாப்பிடவும் இல்லை. காலையிலும் மதியத்திலும் பட்டறைப் பக்கம் மெஸ்ஸில் சாப்பிட்டான். ராத்திரி பன்னும் வாழைப்பழமும் வாங்கிவந்தான். தமிழினி, "ஏம்ப்பா, அம்மா சோறு நல்லால்லியா?" என்று கேட்டால், "வயிறு சரியில்ல சாமி" என்பான். பாவாயி அவனுக்கும் சேர்த்தே சோறு ஆக்கினாள். மீந்ததை மறுநாள் அவளே தின்றாள்.

ஒருநாள் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு அவன் தனியாக அரசு ஆஸ்பத்திரிக்குப் போனான். ரத்தம் எடுத்தார்கள். நெஞ்சுக்கு வயர் வைத்துப் பார்த்தார்கள். ஈரல் வீங்கித்தான் இருந்தது, ஆனால் மீளும் என்றார்கள். மருத்துவர் கேட்டதற்கெல்லாம் உட்கார்ந்து பதில் சொல்லியிருக்கிறான். என்ன சொன்னான் என்று பாவாயிக்குத் தெரியாது. மறுமாதமும் போனான். அந்த முறை மருந்துச் சீட்டோடு வந்தான்.

மறுநாள் காலை அடுப்படி வாசலில் வந்து நின்றான். உள்ளங்கையில் அந்த மாத்திரை இருந்தது. முழு மாத்திரை.

"ஊட்டுல ஒருத்தரு கண்ணு முன்னால போடோணும்னு டாக்டரம்மா சொல்லியிருக்குது" என்றான். நோம்பிக்குப் பிறகு அவளிடம் அவன் பேசிய நீளமான பேச்சு அதுதான். "தண்ணி குடு."

அவள் டம்ளரை இரண்டு தடவை கழுவினாள். குடத்திலிருந்து மொண்டு இரண்டு கையாலும் நீட்டினாள். அவன் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டான். டம்ளரை வாங்கினான். கதவுப்பக்கம் திரும்பி, வெளிச்சத்தில் அதைச் சாய்த்து, அடிவரைக்கும் பார்த்தான்.

பிறகு குடித்தான்.